பாதி மட்டும் போய்விட்டு வாருங்கள்

மற்ற தொழில்களில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது உபசாரம். எங்கள் தொழிலில் அது டாக்டர் உத்தரவு, குடித்தபின் பாத்ரூம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது என் உத்தரவு.

நான் ஒரகடம் போகும் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை மெஷினை இயக்குகிறவள். பதினோரு வருடமாகிறது. நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, இப்போது யார் "சிஸ்டர்" என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன். சுற்றிலும் கார், டயர், செல்போன், கண்ணாடி என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும் தொழிற்சாலைகள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் பார்த்துத்தான் நோயாளி ஆகிறார்கள்.

இவர்களில் மலக்குடல் புற்றுநோய்க்காரர்கள்தான் எனக்கு மிகவும் நெருங்கியவர்கள். குடலின் கடைசி ஒரு சாண் நீளத்தில் வருகிற நோய். கதிர் பாயும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது சிறுகுடலை மேலே தள்ளிக் காப்பாற்றும். மலக்குடல் காலியாக இருந்தால் கட்டி இடம் மாறாமல் இருக்கும். ஆகவே தினமும் அரை லிட்டர் தண்ணீர், நாற்பது நிமிடக் காத்திருப்பு, மேசையில் படுக்கவைத்து ஒரு சின்ன ஸ்கேன், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கதிர். சுருக்கமாக, முன்பக்கம் நிறைந்திருக்க வேண்டும், பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும். மனித உடம்பு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் எங்கள் ஆள்தான். மேலே படியுங்கள்.

ஒரே கேள்வி

ஏழுமலைக்கு ஐம்பத்தொரு வயது. பிள்ளைப்பாக்கத்துக்காரர். இருபத்தாறு வருடமாக கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மலத்தில் எட்டு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் இதற்கு ஒரே விளக்கம்தான்: இன்ஜின் சூடு. சீட்டுக்கு அடியிலிருந்து சூடு ஏறி மூலம் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, எட்டு மாதமும் மோரும் வெந்தயமுமாகக் குடித்து சூட்டைத் தணித்திருக்கிறார். சூடு தணிந்தது. கட்டி வளர்ந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி மிகவும் கீழே, வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். முதலில் இருபத்தெட்டு நாள் கதிர்வீச்சும் மாத்திரையும். பிறகு சில மாதம் கீமோ. பிறகு மறுபடி படம். கட்டி முழுக்கக் கரைந்திருந்தால் ஆபரேஷன் இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக் கண்காணிக்கலாம். கரையாவிட்டால் ஆபரேஷன். இவ்வளவு கீழே இருப்பதால் அப்போது பின்வழியை நிரந்தரமாக மூடிவிட்டு, வயிற்றில் வழி வைத்து அதில் ஒரு பை ஒட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் கேட்டவர் காதில் விழுந்தது "பை" மட்டும்தான். பை வைத்தவனுக்கு பஸ் தருவார்களா, நாற்பது பேர் உட்காரும் வண்டியில் நாற்றம் வராதா, பாதி வழியில் கிழிந்தால் என்ன ஆகும் என்று அவரே கேள்வி கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டு என் மேசையில் வந்து படுத்தார். நான் அவரை நேராக்கி, இடுப்பில் அடையாளப் புள்ளிகளை வைத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "உசிரு நிக்குமான்னு டாக்டராண்ட கேட்டுக்கறேன் மேடம். பை வருமா வராதா, அத்த மட்டும் நீங்க சொல்லுங்க."

பாதி

சாதாரண ஆட்கள் அரை லிட்டர் குடித்தால் அரை மணியில் நெளிய ஆரம்பிப்பார்கள். ஏழுமலை இருபத்தாறு வருடமாக டிராஃபிக்கில் அடக்கிப் பழகியவர். இரண்டாம் நாள் காலையில் எழுந்ததிலிருந்து போகாமலே வந்து, மேடத்துக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு ஜாலியாகப் படுத்துக்கொண்டார். திரையில் பார்த்தால் சிறுநீர்ப்பை சுரைக்காய் அளவுக்கு இருக்கிறது. முதலில் ஸ்கேன் எடுத்து கதிருக்குத் திட்டம் போட்ட நாளில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. அது மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. மருத்துவ உலகம் கண்டுபிடித்த கொடுமைகளில் அதற்கு முதலிடம் கொடுப்பேன். கையில் ஒரு பேப்பர் கப்பைக் கொடுத்து, "ரெண்டு கப் மட்டும் போய்விட்டு, நிறுத்திவிட்டு வாருங்கள்" என்போம். நின்ற வண்டியைத் தள்ளிவிட்டு பாதி இறக்கத்தில் நிறுத்தச் சொல்கிற வேலை. ஏழுமலை பத்து நிமிடம் கழித்து மிகுந்த நிம்மதியோடு திரும்பி வந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சொட்டு மிச்சமில்லை. மறுபடி தண்ணீர், மறுபடி நாற்பது நிமிடம், வரிசையின் கடைசி. நான் கத்திய கத்தலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டீசல் போட்றவனே இருவது லிட்டருக்கு நிறுத்த மீட்டர் வெச்சிகினு கீறான் மேடம். எனுக்கு இன்னா கீது?"

உள்ளே தெரியும் பரோட்டா

தினசரி ஸ்கேனில் எனக்கு வாயு தெரியும். கறுப்பாக, நன்றாகவே தெரியும். மலக்குடலில் வாயு நிறைந்திருந்தால் கட்டி இடம் மாறி நிற்கும், கதிர் பாய்ச்ச முடியாது. ஆளை எழுப்பி, காரிடாரில் நான்கு நடை நடந்து, யாரும் இல்லாத பக்கம் பார்த்து விட்டுவிட்டு வரச் சொல்வேன். மரியாதைப்பட்ட ஆட்களிடம் இதைச் சொல்ல ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது ஸ்பீக்கரிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படி ஒரு நாள் ஏழுமலையிடம், "என்ன, நேற்று சுண்டலா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். அது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை. அவர் நிஜமாகவே ஸ்ரீபெரும்புதூர் கோயில் பக்கம் தள்ளுவண்டிக்காரரிடம் பட்டாணி சுண்டல் தின்றிருந்தார். அவ்வளவுதான், சாப்பிட்டதெல்லாம் மெஷினில் தெரிகிறது என்று வெயிட்டிங் ஹால் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்கப்புறம் மேசையில் ஏறுமுன் ஆளாளுக்கு ஒப்புதல் வாக்குமூலம். ரெண்டு பரோட்டா சிஸ்டர், ஒரு ஆஃப் பாயில் சிஸ்டர், மருமகள் வற்புறுத்தினாள் சிஸ்டர். நானும் மறுக்கவில்லை. டயட்டீஷியன் சொல்லி நடக்காதது இந்தப் புரளியால் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை ஏழுமலை என் முகத்தையே பார்க்காமல் படுத்தார். படம் சுத்தமாக இருந்தது. கதிர் முடிந்தது. எழுந்திருங்கள் என்றால் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பயந்து உள்ளே ஓடினேன். மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பாத்துட்டும் பெரிய மனசு பண்ணி நீங்க ஒண்ணும் கேக்கல. நானே சொல்லிட்றேன் மேடம், சனிக்கெழம ஒரு கோட்டர்."

பஸ்ஸோடு வந்தவர்

சிகிச்சை நடக்கும்போது ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டவில்லை என்று ஏழுமலையும் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு போட்டால் பஸ் வேறு டிரைவர் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், நைட் ஷிப்ட் முடித்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவிடும் காலை டிரிப்பை மட்டும் ரகசியமாக ஓட்டியிருக்கிறார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை செக்யூரிட்டி ஓடிவந்தார். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு கம்பெனி பஸ் நிற்கிறதாம், உள்ளே நிறையப் பேர் மயங்கிக் கிடக்கிறார்களாம். ஏதோ கம்பெனியில் காஸ் லீக் என்று நினைத்து கேஷுவாலிட்டியிலிருந்து இரண்டு ஸ்ட்ரெச்சர் கிளம்பிவிட்டது. அவர்கள் போய்ப் பார்த்தால் எல்லாம் குறட்டை. நைட் ஷிப்ட் பார்த்த முப்பத்தெட்டு பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். டிரைவர் எங்கே என்றால், டிரைவர் என் மேசையில் இடுப்புவரை துணி விலக்கிப் படுத்திருக்கிறார். கதிர் முடிய இன்னும் ஆறு நிமிடம். முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, உள்ளே போய், இது நியாயமா என்று கேட்டேன். அவருக்கு என் கோபம் புரியவே இல்லை. "கொஞ்சம் மெதுவா பேசுங்க மேடம், எல்லாம் அசந்து தூங்கிகினு கீதுங்க. சுங்குவார்சத்திரம் வந்தா தானா முழிச்சிக்குங்க."

மெஷின் நின்ற காலை

எங்கள் மெஷின் நல்ல மெஷின். ஆனால் அதற்கும் மாமியார் குணம் உண்டு, எல்லோரும் தயாராக இருக்கும்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்று ஆறு பேர் தண்ணீர் குடித்து முடித்து வரிசையில் உட்கார்ந்திருந்தபோது திரையில் சிவப்பு விளக்கு. இன்ஜினீயர் "அஞ்சு நிமிஷம்" என்றார். இன்ஜினீயரின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இருபது நிமிடத்தில் ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. யாரும் யாரையும் சிரிக்கவைக்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தம். யாருக்கோ தும்மல் வர, ஐந்து பேர் அவரைக் கொலைவெறியோடு பார்த்தார்கள். வரிசையில் கடைசி ஆள் பேச்சிமுத்து. முப்பத்து நான்கு வயது, திருநெல்வேலிப் பக்கம், இங்கே அறை எடுத்துத் தங்கி செல்போன் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறார். அவருக்கும் அதே நோய், கட்டி மட்டும் கொஞ்சம் மேலே. செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, மெஷின் நின்ற நேரத்தை நொடிக்கணக்கில் குறித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாவது நிமிடம் நான் தோற்றுப்போய், எல்லோரும் போய்விட்டு வாருங்கள், மறுபடி முதலிலிருந்து என்றேன். ஐந்து பேர் எழுந்து ஓடினார்கள். பேச்சிமுத்து மட்டும் நின்று, நேரத்தை என்னிடம் காட்டிவிட்டுப் போனார். "எங்க லைன்ல மெஷின் நின்னா ஆளுவளை டீ குடிக்க அனுப்புவாவ மேடம். இங்க குடிச்சதுக்கு அப்புறம்லா நிக்கி."

மியூச்சுவல்

இதைச் சிரித்துக்கொண்டே எழுத எனக்கு வராது. ஏழுமலைக்கு 7.20, பேச்சிமுத்துவுக்கு 7.40. அன்று என்னோடு வழக்கமாக இருக்கும் டெக்னீஷியன் லீவு. வேறு பிரிவிலிருந்து வந்த புதியவர் வாசலில் நின்று "ஏழுமலை" என்று கூப்பிட்டார். ஒருவர் எழுந்து வந்து படுத்தார். மேசையின் உயரம் நேற்றைக்கும் இன்றைக்கும் மூன்று சென்டிமீட்டர் இடிக்கிறதே என்று புதியவர் கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவசரம்.

படம் திரையில் வந்ததும் என் கை நின்றுவிட்டது. ஏழுமலையின் இடது இடுப்பில் பழைய ஆணி ஒன்று உண்டு, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்ததில் போட்டது. திரையில் இருந்த இடுப்பில் ஆணி இல்லை. வழுவழுவென்று இளவட்ட எலும்பு. இது என் ஏழுமலை இல்லை. கதவைத் திறந்து ஓடினால் மேசையில் பேச்சிமுத்து படுத்திருக்கிறார். அந்த ஸ்கேன் இல்லாமல் பட்டனை அழுத்தியிருந்தால், ஒருவருக்குப் போட்ட திட்டம் இன்னொருவர் குடலில் போய் இறங்கியிருக்கும். திரையின் மூலையில் நோயாளியின் போட்டோ இருக்கும். அதைப் பார்த்து ஆளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அப்படியே எழுதிக்கொடுத்தேன், நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன், அது நியாயமும்கூட. அன்றிலிருந்து நோயாளி தன் வாயால் பெயரும் ஊரும் சொல்லாமல், போட்டோவோடு ஒப்பிடாமல், மேசையில் ஏற முடியாது.

பேச்சிமுத்துவுக்கு அன்று கம்பெனியில் ஆடிட், சீக்கிரம் போக வேண்டும். ஏழுமலைக்கு பஸ் லேட். இருவரும் பேசி வைத்து, தொழிற்சாலைகளில் ஆளுக்கு ஆள் ஷிப்ட் மாற்றிக்கொள்கிற மாதிரி இடம் மாற்றிக்கொண்டார்கள். பேச்சிமுத்து மன்னிப்புக் கேட்டார். ஏழுமலைதான் எனக்கு சமாதானம் சொல்ல வந்தார். "மியூச்சுவல் மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் சீக்கு, ஆள் கணக்கு சரியா வந்தா யாரு இன்னா கேக்கப் போறாங்கோன்னு நென்ச்சோம்."

டியூப்

நான்காவது வாரத்தில் உட்காரும் இடம் வெந்துபோகும். தோல் சிவந்து உரிந்து, தண்ணீர் பட்டாலே உயிர் போகும். ஏழுமலை அப்போதுதான் நிஜமாகவே ஓட்டுவதை நிறுத்தினார். நடுவில் ஓட்டையுள்ள காற்றுத் தலையணை வாங்கச் சொன்னேன். இவர் மெக்கானிக் கடையில் ஸ்கூட்டர் டியூப் ஒன்றை வாங்கி, காற்றடித்து, பழைய லுங்கியில் சுற்றிக்கொண்டு வந்தார். அதை ஹாலில் நாற்காலிமேல் போட்டு ராஜா மாதிரி உட்கார, அடுத்த வாரம் இன்னும் மூன்று டியூப்கள் வந்துவிட்டன.

கஸ்தூரியை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். ஏழுமலையின் மனைவி. ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிற வேலை. அதிகம் பேசமாட்டார். இருபத்தெட்டாவது நாள் முடிந்து வெளியே வந்த ஏழுமலை, எப்படியெல்லாம் வலியைத் தாங்கினேன் என்று ஹாலுக்கே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கஸ்தூரி டியூபை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வூட்ல ஒரு எறும்பு கடிச்சா அக்கம்பக்கம் கூடிடும் மேடம். நீங்க கேக்கலியேன்னு சந்தோசப்படுங்க."

சும்மா பார்ப்பது

கீமோவும் முடிந்து இன்னும் சில வாரங்கள் கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. அந்த அறை என் ராஜ்ஜியம் இல்லை. படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனாலும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு பின்னால் போய் நின்றேன். கட்டி இருந்த இடத்தில் கறுத்த தழும்பு மட்டும். குழாய் விட்டுப் பார்த்த டாக்டருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதே மாதம் பேச்சிமுத்துவுக்கும் அப்படியே. அன்று நான் ஊழியர் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

ஆபரேஷன் வேண்டாம், பை வேண்டாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வர வேண்டும், திரும்பி வந்தாலும் வரலாம், சீக்கிரம் பார்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். பேச்சிமுத்து தேதிகளையெல்லாம் அங்கேயே செல்போனில் ஏற்றிக்கொண்டார். ஏழுமலைக்கு மட்டும் ஏதோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது. என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "வண்டிய ஒர்க்‌ஷாப்புல வுட்டு, ஒண்ணும் கழட்டாம சும்மா பாத்துகினே இருந்தா, அவன மெக்கானிக்குன்னா சொல்லுவோம்?"

பங்க் பட்டியல்

பை வரவில்லை, பஸ்ஸும் கைக்கு வந்தது. ஆனால் கதிர் பட்ட குடல் பழைய குடல் இல்லை. எங்கள் படங்களில் இது தெரியாது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை, அதுவும் வந்தால் அந்த நிமிடமே. நாற்பது பேரோடு சாலையில் போகிற ஆளுக்கு இது என்ன சித்திரவதை என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழுமலை இதையும் டிரைவராகவே சமாளித்தார். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம்வரை எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்த டீக்கடைக்காரர் சாவி கொடுப்பார், எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கேட் பூட்டுவதில்லை என்று எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதிவைத்திருந்தார். சுத்தத்துக்கு மார்க் வேறு. அந்த டைரியை நான் ஜெராக்ஸ் எடுத்து என் மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தேன், பொய்யில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். தினமும் எல்லோரும் மூன்று நிமிடம் லேட்டாக வருகைப் பதிவு பஞ்ச் செய்வதால் கம்பெனி சூப்பர்வைசர் கத்துகிறாராம். "அவுரு கத்தட்டும் மேடம். என் வயிறு கத்தறதுக்கு முன்னாடி நான் நிறுத்தியாவணும்."

மொச்சை அளவு

கண்காணிக்க ஆரம்பித்து ஒன்பதாவது மாதம் எடுத்த ஏழுமலையின் படத்தில் அந்தக் கறுத்த தழும்புக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மொச்சை அளவு. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மெஷினையும் ஒரு குடலையும் இவ்வளவு திட்ட முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். தவறாமல் வந்ததால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், இப்போது எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு, ஆனால் பை நிரந்தரம். ஏழுமலை முடியாது என்று எழுந்து போய்விட்டார். ஊரே பார்க்கும், நாறும், பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், அதற்குச் செத்துப்போகலாம். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

நான்காம் நாள் கஸ்தூரி தனியாக வந்தார். அந்தப் பை எப்படி இருக்கும், காட்ட முடியுமா என்றார். பை வைத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நர்ஸிடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எப்படி ஒட்டுவது என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான், போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து இருவரும் வந்தார்கள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகவே வந்ததாக ஏழுமலை சொன்னார். யாருக்கும் தெரியாமல் அதைக் கட்டிக்கொண்டு வாழ முடியாது என்றார். கஸ்தூரி சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கினார். இடது பக்கம் வயிற்றில் அந்தப் பை ஒட்டியிருந்தது, கால்வாசி சாம்பாரோடு. ஏழுமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரியின் குரல் உயரவே இல்லை. "ரெண்டு நாளா இத்தோட கேன்டீன்ல முந்நூறு பேருக்கு சோறு போட்டேன், உன் பக்கத்துலதான் படுத்தேன். உனுக்குத் தெரிஞ்சுதா?"

ஃபிட்னெஸ்

ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்த பாகத்தின் ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தார். பஸ் ஒப்பந்தக்காரர் டாக்டர் சர்டிபிகேட் கேட்டார், டாக்டர் எழுதிக்கொடுத்தார், அப்புறமும் ஒப்பந்தக்காரர் இழுத்தார். பஸ்ஸில் போகிற பெண்களே போய், அந்த டிரைவர்தான் பிரேக்கை நிதானமாகப் போடுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டி கிடைத்துவிட்டது.

பேச்சிமுத்துவுக்கு இன்றுவரை படம் சுத்தம். ஆனாலும் ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடுகிறது, இளைத்துப்போய் வருகிறார். பை இல்லாத அவர் பயந்துகொண்டு வருகிறார், பை உள்ள ஏழுமலை விசிலடித்துக்கொண்டு வருகிறார். போன மாதம் செக்கப்புக்கு வந்த ஏழுமலையை, எதற்கு அவ்வளவு பயந்தாரோ அதோடு எப்படி இருக்கிறது என்று நேராகவே கேட்டுவிட்டேன். சட்டைக்கு மேலேயே பையைத் தட்டிக் காட்டினார். "முன்னாடி ஒரு பங்க் வுடாம நிறுத்தணும் மேடம். இப்ப பிள்ளப்பாக்கத்துல எடுத்தா ஒரகடத்துலதான் பிரேக்கு. சூப்பர்வைசரே சலாம் வெக்கறாரு."

பதினோரு வருடமாக மனிதர்களை உள்ளே பார்த்தே பழகிவிட்ட எனக்கு, அவர்கள் எதைக் கண்டு சாகப் பார்ப்பார்கள், பிறகு அதையே எப்படித் தட்டிக்கொடுத்துக்கொண்டு வாழ்வார்கள் என்பது மட்டும் இதுவரை எந்தப் படத்திலும் தெரிந்தபாடில்லை.